அரிசி டின்னின் கீழ்மூலை

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். அது பெரிய காரியமில்லை, நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குமேல் எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் ஓய்வுநாள் பாடசாலையில் வேத வசனம் வாசித்துப் பிடித்தது. ஆகவே இதை எழுத நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், கை வலித்தால் அரைப் பக்கம். பக்கத்து வீட்டில் இருக்கும் மூத்த மகனின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்து, சிவப்புப் பேனாவால் என் எழுத்துகளைத் திருத்துகிறாள். திருத்தட்டும்.

நான் எழுதுவது ஒரே ஒரு காரியத்தைப் பற்றி. நாற்பது வருடங்களுக்கு முன்னால், அண்டி ஆபீஸ் முற்றத்தில், அத்தனை பேரும் பார்த்து நிற்க, வலது கையைத் தூக்கி ஒரு சத்தியம் செய்தேன். அதனால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அந்தச் சத்தியம் மெய்யா பொய்யா என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரித் தொழிற்சாலை. எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்று பெயர். ஆபீசில் வேலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மேசையும் நாற்காலியும் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தரைதான். நான் முதலில் கொட்டை உடைக்கும் பக்கத்தில் இருந்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் பொத்துப்போகும், சோற்றைப் பிசைய முடியாது. பிறகு தோல் உரிக்கும் பக்கம். அதன்பிறகு டின் அடைக்கும் பக்கம் வந்தேன். அங்கே பன்னிரண்டு பெண்கள், நான் தலை. அந்த இடத்துக்கு வர எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. தலை என்றால் என்னவென்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்று எங்கள் ஆபீசில் மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள் மூன்று பேர்தான். அதில் நான் ஒருத்தி.

டின் என்பது நாலு மூலை உள்ள தகர டின். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். எடை போட்ட பருப்பு முழுவதையும் அதில் அடக்க வேண்டும். சும்மா கொட்டினால் அடங்காது, கழுத்துக்கு மேலே குவியும். கையால் அமுக்கினால் பருப்பு இரண்டாகப் பிளந்து தரம் இறங்கிவிடும். குலுக்கினால் நேரமாகும், தோளும் போகும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தகடு ஒன்றுசேரும் பொருத்து உள்ள பக்கம் கையைக் கீறாமல் இருக்க அதை என் வயிற்றைப் பார்த்துத் திருப்பிக்கொள்வேன். டின்னைச் சாய்த்து, வலது கீழ்மூலை ஒன்றில் மட்டும் நிற்க வைத்து, சிமென்ட் படியில் மூன்று தட்டு. டொக், டொக், டொக். பருப்பு தானாக இறங்கி அமர்ந்துவிடும், ஒன்றுகூட உடையாது. என்னைப் பார்த்து மற்ற பதினொரு பேரும் அப்படியே செய்தார்கள். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால் மேனேஜர் எங்கள் படியருகே கூட்டிவந்து நிறுத்துவார். நான் தலையைத் தூக்கிப் பார்க்காமல் தட்டுவேன். பார்க்காமல் தட்டுவதில்தான் பெருமை.

நாங்கள் அடைத்து மூடி ஈயம் பற்றவைத்த பிறகு டின் மெசின்காரரிடம் போகும். மூடியில் ஒரு சின்னத் துவாரம் விட்டிருக்கும். அவர் அதில் குழாயைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார். பிறகு வண்டு விழாமல் இருக்க வேறொரு வாயுவை நிரப்பி, துவாரத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைப்பார். காற்றை எடுக்கும்போது டின்னின் பக்கங்கள் கொஞ்சம் உள்ளே போகும், வாயு ஏறியதும் தக்கென்று வெளியே வரும். மெசினில் எவ்வளவு உறிஞ்சியது என்று காட்டும், முள் வைத்த ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. இருபதுக்குக் கொஞ்சம் மேலே அவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். முள் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துவார். நெற்றியில் எந்நேரமும் நீளமாக வெள்ளை நாமம் இருக்கும். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

ஒரு வருடம் புதுசாக வந்த டின்கள் எடை குறைவாக இருந்தன. தலையில் தூக்கும்போதே எங்களுக்குத் தெரிந்தது. தகடு இளசு என்று பேசிக்கொண்டோம். சுமை குறைந்தது என்று சந்தோஷம்தான். அந்த டின் வந்த இரண்டாவது வாரம், பழையது தீர்ந்து புதுசில் அடைக்கத் தொடங்கியதும், காற்றை உறிஞ்சும்போது டின்கள் உள்ளே ஒட்டிப்போக ஆரம்பித்தன. வாயு ஏற்றினாலும் திரும்பி வரவில்லை. காலால் மிதித்த காகிதப் பெட்டி மாதிரி நின்றன. முதல் நாள் ஏழெட்டு, மறுநாள் அதைவிட அதிகம். மூன்றாம் நாள் எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள்.

சூப்பர்வைசர்தான் தொடங்கினார். "இது பொம்பளையளுக்க கை வேலையாக்கும் சார். டின்னைப் போட்டு உருட்டுதுவ."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய், முதுகு பிடித்து ஏழு மாதமாகப் பாயில் கிடந்த நேரம் அது. இளையவள் கைக்குழந்தை. நான் ஒருத்தி கொண்டுவருவதில்தான் ஏழு வயிறு.

"எங்க கை வேலையா? இத்தனை வருசமா இதே கைதான் சார் அடைக்குது. இப்ப மட்டும் கை மாறியாச்சா? காத்தை அளவுக்கு மேல உறிஞ்சினா டின்னு ஒட்டாம என்ன செய்யும்?"

மெசின்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, முள்ளு கோட்டைத் தாண்டல்ல. வேணும்னா வந்து நிண்ணு பாருங்க."

"முள்ளு ஒங்க கையில, கோடும் நீங்க போட்டதுதான. நாங்க என்னத்தக் கண்டோம்?"

பின்னாலிருந்து எங்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள். "பீடி குடிக்கப் போவும்போ முள்ளு எங்க போச்சுண்ணு அவருக்கே தெரியாது!" முற்றம் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு உள்ளே போய் ஒட்டிப்போன டின்னில் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மேனேஜர் காலடியில் வைத்தார். "சார், இதப் பாருங்க. எல்லாம் ஒரே மூலையில இருந்தாக்கும் மடங்கியிருக்கு. மெசினுக்க தப்புண்ணா நாலு பக்கமும்லா ஒட்டணும்?"

"ஏலே, எனக்குப் பாடம் எடுக்கவா ஒன்ன வச்சிருக்கேன்?" என்றார் மேனேஜர். குனிந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டார்.

சத்தியம் பண்ணக்கூடாது, உள்ளதை உள்ளது என்றும் இல்லதை இல்லது என்றும் சொன்னால் போதும் என்று எங்கள் சபை போதகர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அது நினைவு இருந்தது. இருந்தும் கையைத் தூக்கினேன். "கர்த்தர் சாட்சி. எங்க கையால ஒரு டின்னுக்கும் ஒரு கேடும் வரல்ல."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "நீ?"

"சத்தியம் எதுக்கு சார்? டின்னு முன்னாலதான இருக்கு" என்றார் அவர்.

அந்தப் பதில் அவரைக் கவிழ்த்துவிட்டது. சத்தியம் செய்யப் பயந்தவன் கள்ளன் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். மறுநாள் அவரைக் காணவில்லை. அவர் இடத்தில் வந்த புது ஆள், பயத்தில் முள்ளைக் கோட்டுக்கு வெகு கீழேயே நிறுத்தினான். டின் ஒட்டுவது நின்றுபோயிற்று. பார்த்தீர்களா, பழையவன்தான் செய்தது என்று ஆபீசே பேசியது. நானும் அப்படியே நம்பினேன். சும்மா சொல்லவில்லை, மெய்யாகவே நம்பினேன்.

அவர் களியக்காவிளை சந்தையில் சுமை தூக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "அக்கா, இருங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். அவர் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மெய் சொன்னவள் எதற்கு ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி இளைய மகளைப் பற்றி. அவள் மெக்கானிக்கல் என்ஜினீயர். பெங்களூரில் வேலை. மெல்லிய தகட்டில் செய்கிற தொட்டி, குழாய், கூடு இதெல்லாம் எவ்வளவு தாங்கும், எங்கே மடங்கும் என்று செய்வதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்குப் பெயர் பைனைட் எலிமென்ட். இந்தப் பெயரை நான் நாலு தடவை எழுதி அடித்திருக்கிறேன். போன மாதம் என் முட்டு வீங்கி நடக்க முடியாமல் ஆனபோது, வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். நான் எதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் காலையில் அவள் போனில் யாரிடமோ வெகுநேரம் வாக்குவாதம் செய்தாள். முடிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, ஆருக்கூட சண்டை?"

"சண்டை இல்லம்மா. ஒரு தொட்டி. என் கணக்குல நிக்குது. டெஸ்ட் பண்ணினா மடங்கிட்டு."

"அப்போ ஒனக்க கணக்கு தப்பா, அவனுவ டெஸ்ட் தப்பா?"

அவள் சிரித்தாள். "எனக்க மேலதிகாரியும் இதையேதான் கேக்காரு. என் தப்பாக்கும். கம்ப்யூட்டர்ல உள்ள தொட்டிக்கு உடம்புல ஒரு கீறல் கிடையாது. பட்டறையில செஞ்சது அப்படியா? உருட்டி, வெல்டு வச்சு, லாரியில ஏத்தி எறக்கினது. மெல்லிசுத் தகட்டுல ஒரு சின்ன நெளிவு போதும், அங்க இருந்துதான் மடங்கத் தொடங்கும். நான் அந்த நெளிவைப் போடாம விட்டுட்டேன்."

என் தப்பாக்கும் என்று அவள் சொன்ன விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். இதை இவள் யாரிடம் படித்தாள் என்று தெரியவில்லை. என்னிடம் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நானே கேட்டேன். "மக்கா, ஒரு பழைய டின்னு எதுனால ஒட்டிச்சுண்ணு ஒனக்க மெசினு சொல்லுமா?"

முற்றத்தில் நடந்தது முழுவதையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அம்மா முற்றத்தில் வைத்து மேனேஜரையே எதிர்த்துப் பேசிய கதையாகத் தெரியும். அப்படித்தான் நான் சொல்லி வளர்த்திருந்தேன்.

"நாப்பது வருசத்துக்கு முன்னால உள்ள கேசா?" என்றாள். ஆனால் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "டின்னு அளவு வேணுமே."

டின் அடுக்களையிலேயே இருந்தது. அரிசி போட்டு வைக்கிற டின். அந்த வருடம் ஒட்டிப்போன டின்களை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பாயில் ஒருக்களித்துக் கிடந்தபடியே கட்டையால் உள்ளிருந்து தட்டித் தட்டி அதை நேராக்கினார். துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பச்சைப் பெயின்ட் அடித்து வந்திருக்கிறோம். மகள் நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்தாள். சந்திப்பில் உள்ள லேத் பட்டறையிலிருந்து ஒரு கருவி வாங்கி வந்து, விளிம்பில் பெயின்டைச் சுரண்டித் தகட்டின் கனமும் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

"இத வச்சா பருப்பைக் கப்பல்ல வெளிநாட்டுக்கு அனுப்பினானுவ?" என்றாள்.

மறுநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். திரையில் என் டின் நின்றது, உடம்பு முழுதும் சின்னச் சின்னக் கட்டம் போட்டு. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை இழுக்கும், தள்ளும், அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் முழு டின் என்ன செய்யும் என்று தெரியும் என்றாள்.

"தகடு இவ்வளவு மெல்லிசா இருந்தா கனத்தை வரைஞ்சு காட்ட வேண்டாம்மா. ஒரு காயிதம் மாதிரி வச்சிட்டு, கனம் இவ்வளவுண்ணு ஒரு நம்பரா சொல்லிக் குடுத்தாப் போதும்."

"மூலையில மட்டும் கட்டம் இப்படி நெருக்கமா இருக்கே?"

"மூலையிலதான் பாரம் நிக்கும். அங்க பெரிய கட்டம் போட்டா நடக்கிறது ஒண்ணும் கண்ணுல படாது."

பருப்பு உள்ளே இருந்து தகட்டைத் தாங்கும், அதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்றாள். முள் எங்கே நிற்கும் என்று கேட்டாள். இருபதுக்குக் கொஞ்சம் மேலே என்றேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிவப்புக் கோடு கண்ணுக்குள் இருக்கிறது. கணக்கு ஓட நேரமாயிற்று. இரண்டு தடவை ஒத்துவராமல் பாதியில் நின்றது. மூன்றாம் தடவை முடிந்தது.

டின் நின்றது. பக்கங்கள் சற்று உள்ளே போயின, அவ்வளவுதான், மடங்கவில்லை.

"பாத்தியா!" என்றேன். முட்டு வலி மறந்து எழுந்துவிட்டேன். "கோட்டுல முள்ளு நிண்ணா டின்னு நிக்கும். ஒட்டிச்சுண்ணா அவரு கோட்டைத் தாண்டி உறிஞ்சியிருக்காரு. நான் சொன்னது சத்தியம்!"

"இரிங்கம்மா, சாடி எழும்பாதிங்க. இது கீறல் இல்லாத டின்னு. ஒங்க கையில இருந்து போவும்போ டின்னுல எங்கயாவது அடி பட்டிருக்குமா?"

நான் அவளைப் பார்த்தேன். படி நினைவுக்கு வந்தது. மூன்று தட்டும் நினைவுக்கு வந்தது. வந்த அந்த நொடியே, "இல்ல" என்றேன்.

யோசித்து மறைத்ததாக எழுத முடியாது. வாய் தானாகச் சொல்லிற்று. நாற்பது வருடப் பழக்கம்.

இரண்டு நாள் நான் ஜெயித்தவளாக இருந்தேன். ஆனால் ஒருவித அலுப்பு. சோறு இறங்கவில்லை. முட்டு வலிதான் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை, ரேஷன் அரிசி வந்தது. மகள் மேசையில் இருந்தாள். நான் அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்து அரிசியை டின்னில் கொட்டினேன். கழுத்துக்கு மேலே குவிந்தது. டின்னைச் சாய்த்து மூலையில் நிறுத்தித் தரையில் தட்டினேன். டொக், டொக், டொக்.

"எம்மா."

திரும்பினால் வாசலில் நிற்கிறாள்.

"இப்ப என்ன செஞ்சிய?"

"அரிசி எறங்கத் தட்டினேன்."

"எப்பவும் இப்படித்தான் தட்டுவியளா?"

நான் தரையில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினேன். அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

"பன்னெண்டு பேரும்" என்றேன். "எனக்க கண்டுபிடிப்பாக்கும்."

அவள் சிரிக்கவில்லை. டின்னைப் படுக்கவைத்து அந்தக் கீழ்மூலையை விரலால் தடவினாள். என் விரலையும் பிடித்து வைத்தாள். மூலை கூராக இல்லை. நகம் அளவு உள்ளே நசுங்கியிருந்தது. வீட்டில் தட்டியதும் அதில் சேர்ந்திருக்கும், ஆபீஸில் தட்டியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்று அவளே சொன்னாள். அதனால் இன்னொரு காரியம் செய்தாள். வீட்டில் மண்ணெண்ணெய் இல்லாததால் பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாங்கி வந்து, பழைய துணியால் டின்னின் பச்சைப் பெயின்டை எடுத்தாள். இருபது அடுக்குப் பெயின்ட் இருக்கும். அரை நாள் ஆயிற்று. அடியில் வெறும் தகடு தெரிந்தபோது, என் வீட்டுக்காரர் தட்டி நேராக்கிய பழைய மடிப்பும் தெரிந்தது. எவ்வளவு தட்டினாலும் மடிந்த கோடு போகாது போலிருக்கிறது. அது அந்தக் கீழ்மூலையில் தொடங்கி, பக்கத்தின் குறுக்கே சாய்வாக மேலே ஏறிப் போயிருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் டின்னின் அதே மூலையில் ஒரு நகம் அளவுக்கும் குறைவாகவே நெளிவு வைத்துக் கணக்கை ஓட்டினாள். முள் அதே கோட்டில். கோட்டுக்கு வருவதற்குள்ளேயே மூலை மடங்கிற்று. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு சாய்வாக மேலே ஏறிற்று. தரையில் கிடந்த டின்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தும் அவள் விடவில்லை. நெளிவு இல்லாத டின்னை, அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் எப்படிப் போகும் என்றும் ஓட்டிக் காட்டினாள். நாலு பக்கமும் நடுவில் குழிந்து ஒரே மாதிரி ஒட்டிப்போயிற்று.

மெசினுக்க தப்புண்ணா நாலு பக்கமும்லா ஒட்டணும்?

அந்த மனிதர் கம்ப்யூட்டர் இல்லாமல், இரண்டு டின்னைக் கக்கத்தில் இடுக்கி வந்து, இதையேதான் சொன்னார். நாங்கள் சிரித்து முடித்த பிறகு சொன்னார்.

"கம்பெனிக்காரன் தகடைக் குறைச்சானே, அது தப்பில்லியா?" என்று கேட்டேன். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கிளை கிடைக்குமா என்று பார்த்தேன்.

"அதுவும் தப்புதாம்மா. தகடு கனம் பாதியானா அதுக்க விறைப்பு பாதியாவாது, எட்டில ஒண்ணாப் போவும். கனமான தகட்டுல ஒங்க தட்டு ஒண்ணும் செஞ்சிருக்காது. இது கோர்ட்டுல நிக்கிற கணக்கும் இல்ல, பருப்பு எவ்வளவு தாங்கும்ணு நான் ஊகிச்சுப் போட்டதாக்கும். மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். எப்படிப் போட்டாலும் அந்த மூலையிலதான் மடங்குது." டின்னை நிமிர்த்தி வைத்துக்கொண்டே, "ஒங்களுக்குத் தெரியாம நடந்ததுதானம்மா" என்றாள்.

தட்டினால் நெளியும் என்பது தெரியாமல் நடந்தது. அது சரி. ஆனால் அவர் டின்னைக் கொண்டுவந்து வைத்தபோது நான் குனிந்து பார்த்திருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. பார்த்திருந்தால் எந்த மூலை என்று மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்கும். அதனால்தான் நான் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பார்க்காமல் கையைத் தூக்கினேன். இதற்குக் கணக்கு எதுவும் வேண்டாம்.

எங்களில் முற்றத்தில் பீடி வசனம் சொன்னவள் இன்னும் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்றாள். "நம்மகூட அடைச்சவள்ல பாதிப் பேரு போய்ச் சேந்தாச்சு. இனி போயி எவன் டின்னை எடுத்துப் பாக்கப் போறான்? ஜெபம் பண்ணிட்டு சும்மா கிட."

"ஜெபம் பண்ணியாச்சு. அவருகிட்ட சொல்லல்லியே."

"சொல்லி? ஆபீஸ்காரன் மறுபடி வேலைக்குக் கூப்பிடவா போறான்? ஏட்டி, ஒனக்கு எப்பவும் நீதான் பெரிசு. தப்பு செஞ்சாலும் அதுலயும் நீதான் முன்ன நிக்கணும்."

அவள் சொன்னது தைத்தது. அதில் உண்மையும் இருக்கிறது. அதற்காக நிறுத்த முடியவில்லை.

மகள் பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் விசாரித்து வைத்தாள். அவர் மகனோடு சந்தைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும் என்றார்களாம். திரையில் மடங்கிய டின்னைக் காகிதத்தில் அச்செடுத்தும் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவரால் பார்க்க முடியாது. ஆனால் டின்னைத் தொட்டுப் பார்க்க முடியும். அரிசியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிவிட்டேன். டின் பெயின்ட் இல்லாமல் வாசல் பக்கம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறது. டின்னும் நானும் பேத்தியும் போகிறோம்.

நேரில் வாயால் சொல்லிவிடலாமே, எதற்கு எழுதுகிறீர்கள் என்று பேத்தி கேட்டாள். என் வாயை எனக்குத் தெரியும். அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் அது எனக்காகப் பேசத் தொடங்கிவிடும். வீட்டுக்காரர் பாயில் கிடந்தார், குழந்தை கையில் இருந்தது, தகடு இளசு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். அதெல்லாம் இதிலும் இருக்கிறதுதான், எழுதும்போதும் விட முடியவில்லை. ஆனால் எழுதியது இதற்குமேல் ஒன்றும் சேர்த்துக்கொள்ளாது. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அவள் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் அந்த மூலையில் அவர் விரலை எடுத்து வைப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று இருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் "அக்கா, இருங்க" என்று மறுபடியும் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

கை ஓய்ந்துவிட்டது. பேத்தி வந்துவிட்டாள், செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.

மக்கா, சிவப்புப் பேனாவைத் தூர வச்சிட்டு இங்க வந்து இரி. இந்தா நோட்டு. முதல்ல இருந்து எனக்கு ஒருதடவை வாசிச்சுக் காட்டு. ஞாயித்துக்கிழம அவருக்கு ஒரு சொல்லு விடாமக் கேக்கணும், அதனால இப்பவே உரக்க வாசிச்சுப் பழகு. நான் ஒனக்க அத்தைகிட்ட "இல்ல"ண்ணு சொன்ன இடம் வரும்போ சத்தத்தைக் குறைக்காத.